பிந்திச் சிரிக்கிறவன்

வியாழக்கிழமைகளில் ஜிபார் மருந்துக்கடையில் மூன்று மணிக்கே வெள்ளை அங்கியைக் கழற்றிவிடுவாள். மலையடிவார ஊரான கராக்கோலின் சந்தைக்குப் பின்னால், செருப்புத் தைக்கும் கடைக்கு மேலே இருந்த மாடியறைக்கு நாலரை மணிக்கு மாணவர்கள் வரத் தொடங்குவார்கள். அதற்குள் அடுப்பில் நிலக்கரி போட்டு, தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்து, எண்ணெயில் பொரித்த மாவுத்துண்டுகளான போர்சோக்கைத் தட்டில் கொட்டி வைக்க வேண்டும். விடுதிச் சாப்பாட்டில் வாரத்தைத் தள்ளுகிற பிள்ளைகள் ஜெபத்துக்கு வருகிறார்களா, போர்சோக்குக்கு வருகிறார்களா என்று சில நாள் அவளுக்கே சந்தேகம் வரும். எதற்கு வந்தால் என்ன, வருகிறார்களே என்று நினைத்துக்கொள்வாள்.

பதினேழு வருடமாக இதுதான் அவள் வாழ்க்கை. அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, கல்லூரிக் காலத்தில் இயேசுவை நம்பத் தொடங்கியபோது அவளுடைய அம்மா மூன்று வருடம் அவளோடு பேசவில்லை. நாலாவது வருடம் ஒரு ஜாடி ஆப்ரிகாட் ஜாம் அனுப்பினாள், கடிதம் எதுவும் இல்லாமல். அந்த ஜாமை ஜிபார் ஒரு மாதம் திறக்காமலே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் இந்தப் பிள்ளைகளின் பயம் அவளுக்குத் தெரியும். அவர்களுடைய சந்தோஷமும் தெரியும்.

அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? போன மாதம் திலேக் முதல் முறையாக வாய்விட்டு ஜெபித்தான். கட்டடப் பொறியியல் படிக்கிற பையன், வாயாடி. எல்லோரும் கண்ணை மூடிக் காத்திருக்க, அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கடவுளே, நான் திலேக். ரெண்டாம் வருஷம், பி பிரிவு," என்றான்.

பக்கத்தில் இருந்த பெகாயிம் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். "டேய், வருகைப்பதிவாடா எடுக்கிறாரு அவரு?"

"என்னை மாதிரி எத்தனை திலேக் இருப்பான் இந்த ஊர்ல? குழம்பிடக் கூடாதுல்ல?"

அறையே சிரித்தது. ஜிபாரும் சிரித்தாள். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு, ஜன்னல் மூலையிலிருந்து இன்னொரு சிரிப்பு தனியாக எழுந்தது. தாமதமாகப் புரிந்துகொண்டவனின் சிரிப்பு. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அங்கே யாரும் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

ஒன்பது வருடமாக அந்தச் சிரிப்பு அவளுக்குக் கேட்கிறது. சோகமான நாட்களில் கேட்காது, தேர்வில் தோற்றவன் அழும்போது கேட்காது. அறை நிறைந்து, பிள்ளைகள் முகம் விளக்கேற்றியதுபோல் இருக்கும்போது மட்டும் கேட்கும். அதனாலேயே சந்தோஷம் வந்தாலே அவளுக்குப் பயமாக இருக்கும்.

உலார் அப்படித்தான் சிரிப்பான். எல்லோரும் முடித்த பிறகு. மலைக்கு மேலே சாரி-தாலா என்ற கிராமத்துப் பையன், கால்நடை மருத்துவம் படித்தவன். ஜன்னல் ஓரம் கணப்புக் குழாயில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்வான். இருபதாவது வயதில் நம்பிக்கைக்கு வந்தான். குளிர்கால விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படுமுன் ஜிபாரிடம், "அக்கா, அப்பாகிட்ட சொல்லணுமா?" என்று கேட்டான்.

"எத்தனை நாளைக்கு ஒளிச்சு வைப்ப? இந்தத் தடவை சொல்லிடு. உண்மை சொன்னா மனசு லேசாயிடும்," என்றாள் ஜிபார். சொன்னதோடு நிற்கவில்லை. உலார் அப்பாவிடம் சொல்லப்போகிறான் என்று சபையில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியும் வைத்தாள்.

ஒரு வாரம் கழித்து அவனுடைய அறைத்தோழன் மருந்துக்கடை வாசலில் வந்து நின்றான். உலார் பனிப்புயலில் உறைந்து செத்துவிட்டான் என்றான். அப்பா வீட்டை விட்டுத் துரத்திவிட்டாராம் என்று விடுதியில் பேசிக்கொண்டார்கள். ஜிபார் வண்டி பிடித்துப் போனாள். அவன் வியாழக்கிழமைகளில் எங்கே போவான் என்ற பேச்சு அங்கேயும் எட்டியிருந்தது; கிராமத்து எல்லையில் மூன்று ஆண்கள் வண்டியை மறித்தார்கள். தூரத்தில், ஒரு வீட்டு முற்றத்தில், இறந்தவனுக்காகப் போட்ட கூடாரம் தெரிந்தது. "அவன் மனசக் கெடுத்தவ நீதானே? இறங்காத. அப்படியே திரும்பிப் போ," என்றார் ஒருவர். அவள் இறங்கவில்லை. திரும்பிப் போனாள். அன்றைக்கு அவளுக்கு அழுகை வரவில்லை. பிறகும் வரவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் சொல்லலாமா என்று யார் கேட்டாலும் அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது. "பொறு. இப்ப வேண்டாம்." திலேக்கிடமும் அதையேதான் சொல்லிவந்தாள்.

*

பிப்ரவரிக் கடைசியில் ஒரு வியாழன். பாட்டு முடிந்து, தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள் ஜிபார். பெகாயிம் மும்முரமாகக் கேட்டாள்: "அக்கா, இந்த தாவீது நல்லவனா, கெட்டவனா? சீக்கிரம் சொல்லுங்க, எனக்கு ஆறு மணிக்கு பஸ்."

"அத ஆறு மணிக்குள்ள சொல்ல முடிஞ்சா நான் ஏன் பதினேழு வருஷமா இங்க உக்காந்திருக்கேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்தது. அப்போது அந்தப் பிந்திய சிரிப்பு எழுந்தது. ஆனால் இந்த முறை ஜன்னல் மூலையிலிருந்து இல்லை, கதவுப் பக்கமிருந்து. மற்ற பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் கேட்டிருக்கிறது.

வாசற்படியில் ஒரு பெண் நின்றிருந்தாள். பத்தொன்பது வயது இருக்கும். பனி ஒட்டிய பூட்ஸைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒன்றைக் கழற்றி, ஒன்றோடு நின்றாள்.

ஜிபாரின் கையிலிருந்த கிண்ணம் நிரம்பி வழிந்தது.

"அக்கா, தேநீர் ஆத்துலயா ஊத்துறீங்க?" என்றான் திலேக்.

அந்தப் பெண் உள்ளே வந்தாள். "மன்னிச்சுக்குங்க. கீழ தெருவுல போயிட்டிருந்தேன். இப்பப் பாடினீங்களே, அந்தப் பாட்டு கேட்டுச்சு. திரும்பப் பாடுவீங்களா?"

பாடினார்கள். அவள் நின்றபடியே கேட்டாள். முடிந்ததும் கதவோரம் உட்கார்ந்தாள். எல்லோரும் போன பிறகும் போகவில்லை. ஜிபார் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி கேட்டாள். "உன் பேர் என்னம்மா?"

"பெரிசாத். சாரி-தாலா."

"உலாரோட தங்கச்சி."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீ சிரிச்ச."

பெரிசாத் மடியில் கிடந்த கையுறையைப் பிசைந்தாள். "அப்ப எனக்குப் பத்து வயசு. அண்ணன் ஊருக்கு வந்த அன்னிக்கு, கொட்டில்ல குதிரைக்குப் புல்லு போட்டுக்கிட்டே இதப் பாடினான். என்ன பாட்டுன்னு கேட்டேன். 'அப்புறம் கத்துத் தரேன்'னான். அவ்வளவுதான். மெட்டு மட்டும் எனக்குள்ள இருந்துச்சு, வார்த்தை இல்லாம. போன செப்டம்பர்ல இங்க படிக்க வந்ததுலேருந்து ரேடியோவுல, கல்யாணத்துல, எங்க பாட்டு கேட்டாலும் அதுதானான்னு காதக் குடுத்துக்கிட்டுத் திரியறேன்."

ஜிபார் கையைத் துடைத்துக்கொண்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள். ஒன்பது வருடம் யாரிடமும் கேட்காததை அந்தப் பெண்ணிடம் கேட்டாள். "அப்பா அவனைத் துரத்தினப்ப நீ வீட்டுல இருந்தியா?"

"துரத்தினாரா? யாரு சொன்னது?"

"எல்லாரும்."

"அப்பா துரத்தலக்கா. அண்ணன் எதுவுமே சொல்லலியே. மறுநாள் சாயங்காலம் சினைக் குதிரை ஒண்ணு கொட்டிலுக்குத் திரும்பல. போய்ப் பாத்துட்டு வாடான்னாரு அப்பா. போனான். அப்புறம்தான் புயல் வந்துச்சு. குதிரை ஒரு மணி நேரத்துல தானா வந்துடுச்சு. அவன் வரல."

தன் சொல் அவனைக் கொல்லவில்லை. அப்படியானால் மனது லேசாக வேண்டும். ஆகவில்லை. அவன் ஒரு நாள் முழுக்க அந்தச் சொல்லை வாயில் வைத்துக்கொண்டு, எப்போது சொல்வது என்று தெரியாமல், கொட்டிலில் புல் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறான். அது அவளுக்கு முன்னைவிடப் பாரமாக இருந்தது.

"எங்க வீட்டுக்கு வர்றீங்களா அக்கா?" என்றாள் பெரிசாத். "துக்கம் கேக்க. எத்தனை வருஷம் கழிச்சு வந்தாலும் வாசல்ல யாரும் தடுக்க மாட்டாங்க. அதுதானே நம்ம வழக்கம்."

*

மார்ச் நடுவில் ஒரு சனிக்கிழமை காலை இருவரும் மினிபஸ்ஸில் போனார்கள். பெரிசாத் வீட்டில் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னால் அப்பா குதிரைகளைப் பார்க்க மேலே போய்விடுவார் என்றாள். கிராமத்து எல்லையில் வண்டி நின்றபோது ஜிபார் கடைசி ஆளாக இறங்கினாள். அன்று மறித்த இடம். இன்று அங்கே ஒரு நாய் மட்டும் வெயிலில் படுத்திருந்தது.

துக்கம் கேட்கப் போகிறவர்கள் வாசலை நெருங்கும்போதே குரலெடுத்து அழ வேண்டும். ஜிபாருக்கு வராது என்று பயமாக இருந்தது. பொய்யாக அழுது அந்த வீட்டுக்குள் நுழையவும் மனமில்லை. வேலிக் கதவில் கை வைத்தாள். கொட்டில் தெரிந்தது. உள்ளே புல் அள்ளும் மரக்கவை ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது.

"உலாரே," என்றாள். அதற்குப் பிறகு அவள் குரல் அவளுடையதாக இல்லை. "என் தம்பியே, நான் பிந்தி வந்துட்டேனே," என்று அது பாட்டுக்கு நீண்டு போனது. அவளுடைய அம்மாவும் பெரியம்மாக்களும் அழுத அதே இழுப்பில். பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் பதில் சொன்னது. உலாரின் அம்மா. யார் வந்திருப்பது என்று பார்க்காமலே, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, மகனைப் பெயர் சொல்லி ஒப்பாரி வைத்தாள். வெளியே ஒரு குரல், உள்ளே ஒரு குரல். கடைசியில் ஜிபார் உள்ளே போய் அவள் தோளைக் கட்டிக்கொண்டபோதுதான் அந்த அம்மா முகத்தைத் திருப்பினாள்.

"நீ யாரும்மா?"

"கராக்கோல்ல அவன் வியாழக்கிழமை வருவானே, அந்த வீட்டுக்காரி."

அம்மா அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து, "உக்காரு. தேநீர் வைக்கிறேன்," என்றாள்.

மெலிஸ் கொட்டில் பக்கமிருந்து வந்தார். உலாரின் அப்பா. அறுபதைத் தாண்டியவர், ஒரு முழங்கால் மடங்காது. அழுகை கேட்டு வந்தவர், வந்திருப்பது யார் என்று மகள் சொன்னதும் நிலைப்படியிலேயே நின்றார். துரத்துவார் என்று ஜிபார் எதிர்பார்த்தாள். அவர் தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டு, அவளுக்கு எதிரே காலை நீட்டி உட்கார்ந்தார்.

அம்மா கிண்ணத்தில் பாதிதான் ஊற்றினாள். விருந்தாளி சீக்கிரம் எழுந்து போகக் கூடாது என்று நினைக்கிறவர்கள் ஊற்றுகிற அளவு. ஜிபாருக்குத் தைரியம் வந்தது.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லிட்டுப் போகணும். ஊருக்குப் போய் உங்ககிட்ட சொல்லிடுன்னு நான்தான் அவன அனுப்பினேன். அவன் கேட்டான். நான் யோசிச்சிருக்கணும். யோசிக்கல. நான் ஜெயிச்ச மாதிரி நாலு பேர்கிட்ட பேசிக்கிட்டிருந்தேன்."

"அவன் சொல்லல," என்றார் மெலிஸ்.

"தெரியும். பெரிசாத் சொன்னா."

"அவளுக்கு என்ன தெரியும்? சொல்ல நான் விடல." அவர் மேசைமேல் இருந்த ரொட்டியைப் பிட்டார். சாப்பிடவில்லை. "அவன் தூங்கிட்டிருந்தப்ப பைய எடுத்து நகர்த்தினேன். அந்தப் புஸ்தகம் இருந்துச்சு. நம்ம பாஷையில, ஈசாவப் பத்தி, நீங்க சொல்ற இயேசு. திரும்ப உள்ள வச்சுட்டேன். மறுநாள் பூரா அவன் என் பின்னாடியே வந்தான். அப்பா, அப்பான்னு ஏதோ ஆரம்பிப்பான். நான் குதிரைகிட்ட பேசுவேன். அவன் மூஞ்சியப் பாக்க முடியல என்னால. சாயங்காலம் அந்தக் குதிரை வரலன்னதும், போய்ப் பாருன்னேன்."

பெரிசாத் கெண்டியோடு கதவருகில் நின்றிருந்தாள்.

"அது தானா வரும்," என்றார் மெலிஸ். "எப்பவும் தானாதான் வரும். எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் என் கண் முன்னாடி இல்லாம இருக்கட்டும்னுதான் அனுப்பினேன்."

அம்மா எழுந்து போய் மகள் கையிலிருந்த கெண்டியை வாங்கிக்கொண்டாள். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை. இந்தக் கதையை அவள் ஒன்பது வருடமாகத் தூக்கத்தில் புலம்புகிறவர் வாயிலிருந்து கேட்டிருக்க வேண்டும்.

"காத்து அடிச்சா வேலிக் கதவு தட்டும்," என்றார் மெலிஸ். "இன்னிக்கும் எழுந்து போய்த் திறக்கறேன். இவ திட்டுவா."

"நான் எப்பத் திட்டினேன்?" என்றாள் அம்மா மெதுவாக. "சட்டை போட்டுக்கிட்டுப் போங்கன்னுதானே சொல்லுவேன்."

ஜிபாருக்கு வேதாகமத்திலிருந்து ஒரு வசனம் நாக்கு நுனிக்கு வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

மெலிஸ்தான் மறுபடி பேசினார். "அங்க உங்ககிட்ட எப்படி இருந்தான்? எங்கிட்ட ரொம்பப் பேச மாட்டான்."

"உங்களப் பத்தி நிறையப் பேசுவான்."

"என்னன்னு?"

"எங்கப்பா குதிரைகிட்ட மட்டும்தான் பேசுவாரு, அதனாலதான் நான் குதிரை டாக்டருக்குப் படிக்கிறேன், மொழிபெயர்ப்பாளரா இருக்கலாம்பான்."

அம்மா தலைத்துணியின் முனையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. மெலிஸ் தலையைக் குனிந்துகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"ஒவ்வொரு வியாழனும் எல்லாரும் எதுக்கு ஜெபிக்கணும்னு சொல்லுவாங்க," என்றாள் ஜிபார். "பரீட்சை, காய்ச்சல், காதல்னு. இவன் எப்பவும் ஒண்ணுதான். அப்பாவோட முழங்கால். பசங்க கிண்டல் பண்ணுவாங்க. உன் அப்பா முழங்கால் எங்க எல்லாருக்கும் சொந்தக்கார முழங்கால் ஆயிடுச்சுடான்னு."

மெலிஸ் நீட்டியிருந்த காலைப் பார்த்தார். யாரோ மடியில் வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

பிற்பகல் வரை அவர்கள் அவளை விடவில்லை. அவன் பனிக்கட்டியில் வழுக்கித் துணைவேந்தர் காலடியில் போய் விழுந்தது, ஆட்டுக்கு ஊசி போடப் பயந்து அதற்கு முதலில் கதை சொன்னது, இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். புறப்படும்போது மெலிஸ் வேலி வரை கூட வந்தார்.

"உங்க நம்பிக்கைப்படி அவன் இப்ப எங்க?"

"சொன்னா உங்களுக்குக் கோவம் வரும்."

"ஊர் முல்லா சொன்னதக் கேட்டே கோவம் வந்தவன் நான். சொல்லு."

"வழி தப்பினவங்களத் தேடிப் போற மேய்ப்பன் ஒருத்தர்னு நாங்க நம்பறோம். புயல்லயும் போவாரு. அவன அவரு கண்டுபிடிச்சுட்டாருன்னு நம்பறேன். நான் நம்பறேன், அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

மெலிஸ் வேலிக் கதவின் கொக்கியை ஒருமுறை மாட்டி, ஒருமுறை கழற்றிப் பார்த்தார்.

*

மினிபஸ்ஸில் திரும்பும்போது பெரிசாத் கேட்டாள்: "இனிமே அப்பா மூஞ்சிய நான் எப்படிக்கா பாக்கறது?"

"இன்னிக்குப் பாக்காத. அடுத்த வாரம் போன் பண்ணு. முழங்கால் எப்படி இருக்குன்னு கேளு."

அவள் அப்படியே செய்தாள். அந்த வசந்தம் முழுக்க வியாழன் தோறும் வந்தாள், கதவோரம் உட்கார்ந்தாள், பாட்டின் வார்த்தைகளை எழுதிக்கொண்டாள். ஜெபிக்கச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை, அவளும் ஜெபிக்கவில்லை. திலேக் ஏப்ரலில் மறுபடி, வீட்டில் சொல்லலாமா என்று கேட்டான். ஜிபார் இந்த முறை பொறு என்று சொல்லவில்லை. போகிற நாளைச் சொல், வானிலை பார்த்துக்கொண்டு நானும் வருகிறேன் என்றாள். "அக்கா, எங்கம்மாவுக்கு நீங்க பயப்படுவீங்க," என்றான் அவன். இருவரும் போனார்கள். அவனுடைய அம்மா அவனைக் கரண்டியால் அடித்து, அழுது, பிறகு இருவருக்கும் சோறு போட்டாள். ஜிபாரிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவள் அதற்குத் தயாராகத்தான் போயிருந்தாள்.

மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, நாலு மணிக்கு, மாடிப்படியில் மெல்ல ஏறும் காலடி கேட்டது. ஒரு கால் அழுத்தமாக, ஒரு கால் இழுத்து.

மெலிஸ். "ஆஸ்பத்திரிக்கு வந்தேன், காலக் காட்ட," என்றார். அறையைச் சுற்றிப் பார்த்தார். "அவன் எங்க உக்காருவான்?"

அவள் ஜன்னல் ஓரத்தைக் காட்டினாள். அவர் அங்கே போய், கணப்புக் குழாயில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, வெள்ளைத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார். ஜிபார் அடுப்பைப் பார்க்கத் திரும்பினாள். அந்த மூலையை நேராகப் பார்க்க இன்னும் அவளுக்குப் பழகவில்லை.

பிள்ளைகள் வந்தார்கள். யாரோ ஒருவருடைய அப்பா என்று நினைத்துக்கொண்டார்கள். அன்று பெரிசாத்துக்குத் தேர்வு, அவள் வரவில்லை. திலேக் கிண்ணத்தை நீட்டினான். "ஐயா, சக்கரை எத்தனை? மூணுக்கு மேலன்னா பெகாயிம்கிட்ட அனுமதி வாங்கணும், அவதான் இங்க சக்கரை மந்திரி."

"ரெண்டு போதும்," என்றார் மெலிஸ்.

பாடினார்கள். அந்தப் பாட்டும் வந்தது. அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தபோது, முறை அவரிடம் வந்து நின்றது. பிள்ளைகள் மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

"நான் சும்மா உக்காந்திருக்கேன்," என்றார். "நீங்க நடத்துங்க."

முடிவதற்கு முன்பே எழுந்தார். ஜிபார் படிவரை கூடப் போனாள். கீழே செருப்புக்கடைக்காரரின் சுத்தியல் சத்தம் கேட்டது. பாதிப் படியில் நின்று, அவளைப் பார்க்காமல் சொன்னார்: "நல்ல பசங்க."

"ஆமாங்க ஐயா."

"ரொம்ப சத்தம் போடறாங்க."

"ஆமா."

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். மேலே பிள்ளைகள் எதற்கோ சிரித்தார்கள். இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். அந்தச் சிரிப்பு முழுக்க அடங்கும்வரை, அதற்குப் பிறகும், பிந்தி வரும் ஒரு சிரிப்புக்காக, இன்னும் கொஞ்ச நேரம்.

பிறகு மெலிஸ் தொப்பியைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். ஜிபார் அவர் சந்தை முனையில் திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு, மேலே ஏறிப் போய், பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள்.